எடை ஏறின கதை

மார்ச் 3, திங்கள்

இது போன வருடத்து டயர் கடை டைரி. தேதிக்கும் கிழமைக்கும் ஒத்துப்போகாது. அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொள்கிறேன். எழுதச் சொன்னது திருப்பூரில் கட்டிக்கொடுத்த என் மகள் மோகனப்பிரியா. "தினமும் நாலு வரி எழுதுங்கப்பா. அம்மா தலை தப்பிக்கும்" என்று போனில் சொன்னாள். பெற்ற அப்பனைப் பற்றி எவ்வளவு உயர்ந்த எண்ணம்.

எனக்குப் படிப்பு பத்தாவது. பத்தாவதில் இரண்டு வருடம் உட்கார்ந்ததால் பதினொன்று என்றே கணக்கு வைத்திருக்கிறேன். சங்ககிரியில் லாரி எடைமேடையில் இருபத்தாறு வருடமாக வேலை. பெயர் நாச்சிமுத்து. ரத்தப் புற்றுநோய் போன வருடம் வந்தது. ஊசி மருந்தில் போயிற்று. ஜனவரியில் எதையோ மறந்து வைத்துவிட்டுப் போனவன் மாதிரி திரும்பி வந்துவிட்டது.

இன்றைக்கு கோயம்புத்தூரில் டாக்டர் மீனலோசனி புது மாத்திரை கொடுத்தார். "உங்க எலும்பு மஜ்ஜையில ரத்த அணுக்கள் வளராம பிஞ்சாவே நின்னுடுது. சோதனையில ஒரு ஜீன் கோளாறு தெரிஞ்சிருக்கு. அந்தக் கோளாறை மட்டும் குறி வெச்சு அடிக்கிற மாத்திரை இது. கோளாறு இருக்கறவங்களுக்குத்தான் பலிக்கும், உங்களுக்கு இருக்கு" என்றார். பாஸாகாமல் ஒரே வகுப்பில் நிற்கிற அணுக்கள் என்றால் அது என் வம்சமேதான் என்றேன். டாக்டரம்மா சிரித்தார். என் மனைவி வசந்தாமணி சிரிக்கவில்லை. அவள் அங்கே நர்சாக இருக்கும் ரெஜினா சிஸ்டர் சொன்னதையெல்லாம் உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் சொன்னது இதுதான். தினமும் ஒரே நேரத்தில் முழுசாக விழுங்க வேண்டும், உடைக்கக்கூடாது. கொழுப்புச் சாப்பாட்டோடு சேர்த்துப் போடக்கூடாது. வாராவாரம் ரத்தமும் ஈசிஜியும் பார்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் வேறு எந்த மாத்திரையும் கூடாது. காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், கால் வீக்கம், எடையில் மாற்றம் எது வந்தாலும் அன்றைக்கே போன் செய்ய வேண்டும்.

"அன்னைக்கேன்னா அன்னைக்கே. மறுநாள் இல்ல, அண்ணா" என்றார் சிஸ்டர். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும் போல.

மார்ச் 4

மாத்திரை போட்டு ஒரு நாள் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல வசந்தாமணி என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 8, சனி

வீட்டுக்கு எடை பார்க்கும் மிஷின் வாங்கியாயிற்று. எங்கள் எடைமேடையில் ஏறி நின்றாலே போதுமே என்றேன். அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும், இடையில் உள்ளதற்குக் கணக்கே கிடையாது, நீங்களோ ஏற்கெனவே கணக்கில் வராத ஆள் என்று வசந்தாமணி சொன்னாள். ஐம்பத்தேழு கிலோ. இடுப்பில் வேட்டி நிற்க பெல்ட் போடுகிறேன்.

வசந்தாமணியின் அண்ணன் செங்கோடன் மச்சான் ஏற்காட்டிலிருந்து பம்ளிமாஸ் பழம் கொண்டுவந்தார், ஒவ்வொன்றும் சின்னக் குழந்தை தலை அளவு. வசந்தாமணி பழத்தை மடியில் வைத்துக்கொண்டே சிஸ்டருக்குப் போன் போட்டாள். "தோல் தடிப்பா, உள்ள ரோஸ் கலரா இருக்குதுங்க சிஸ்டர்." இந்த வகைப் பழம் மாத்திரையை ரத்தத்தில் அளவுக்கு மேல் ஏற்றிவிடும், ஆகாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

"மலையேறிப் பறிச்சுட்டு வந்தனுங்க மாப்ள" என்றார் மச்சான், பரிதாபமாக.

"நீங்க நல்லா இருந்து சாப்புடுங்க மச்சான். நான் பார்த்துட்டிருக்கேன்" என்றேன். எதிரிலேயே உட்கார்ந்து ஒன்று முழுவதையும் தின்றார். மனசு வந்ததுதான் அதிசயம்.

மார்ச் 17

கோயம்புத்தூர் போய்வந்தோம். ஈசிஜி நன்றாக இருக்கிறதாம். எனக்கு இதயம் இருக்கிறது என்பதற்கு இனி காகிதமும் இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஐம்பத்தெட்டு கிலோ. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று குழல் வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். வாய்க்கு ருசி திரும்பிவிட்டது. வழியில் பெருந்துறையில் மூன்று இட்லி கேட்டு வாங்கித் தின்றேன். மூன்றாவது இட்லியை நான் பிட்டபோது வசந்தாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணில் தூசி என்றாள். ஹோட்டலுக்குள் என்ன தூசி என்று நான் கேட்கவில்லை.

அடுத்து 31ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 26, புதன்

அறுபது. இரண்டு நாளில் இரண்டு கிலோ. மிஷினை இடம் மாற்றி வைத்து மறுபடி ஏறினேன். அறுபதேதான்.

செங்கோடன் மச்சானுக்குச் சேதி போயிற்று. சாயங்காலமே வந்து கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். "சதை புடிச்சிருச்சு வசந்தா. இனி பயமில்ல." மாப்பிள்ளை உடம்பு தேறினால் முனியப்பனுக்குக் கிடா வெட்டுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தாராம். வருகிற ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டுத்தான் காபியே குடித்தார்.

எடை மாறினால் சொல்லச் சொன்னார்களே என்று வசந்தாமணி ஒரு வார்த்தை சொன்னாள்.

"அது குறைஞ்சா சொல்றதுக்கு, புள்ள. ஏறினதுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவாங்களா" என்றேன். மச்சானும் ஆமாம் போட்டார். எங்கள் ஊரில் எடை ஏறியதற்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 27

அறுபத்தொன்றரை. எடைமேடைக்குச் சும்மா ஒரு நடை போனேன். ஓட்டுநர்கள் எல்லாம் "அண்ணன் மினுமினுன்னு ஆயிட்டாருடா" என்கிறார்கள். செருப்புதான் வெயிலில் சுருங்கிவிட்டது, வார் அழுத்துகிறது. மோதிரத்தைக் கழற்ற சோப்பு போட வேண்டியிருந்தது. புது ரத்தம் ஊறும்போது அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 28, வெள்ளி

லேசாக இருமல். இன்றும் எடைமேடைக்குப் போனேன், சிமெண்டு லாரித் தூசி. வரும் வழியில் மருந்துக்கடையில் சொல்லி ஒரு அட்டை மாத்திரை வாங்கினேன். கடைக்காரப் பையன் நல்ல காரமான மாத்திரை, மூன்றே நாளில் போய்விடும் என்றான். வீட்டில் வாயருகே கொண்டுபோனேன். வசந்தாமணி கையிலிருந்து பிடுங்கி அலமாரி மேல் எறிந்துவிட்டாள்.

"கேக்காம ஒண்ணும் போடக்கூடாதுன்னாங்கல்ல. போன் பண்றேன்."

"இருமலுக்கெல்லாம் போன் பண்ணினா அவங்க என்ன நெனப்பாங்க? எத்தனை உசுரைப் பார்க்கறவங்க. திங்கக்கிழமை எப்படியும் போறோம். நேர்லயே சொல்லிக்கலாம்."

அவள் போனை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், வைத்துவிட்டாள். ஜெயித்தேன். கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்தது இது இரண்டாவது தடவை.

மார்ச் 29, சனி

மோகனா வந்துவிட்டாள். ஆறு மாதம் அவளுக்கு. அம்மாக்காரி அவளை என் மாத்திரை டப்பா பக்கமே விடுவதில்லை. மாசமாக இருப்பவர்கள் தொடக்கூடாத மாத்திரையாம். அவள் பெட்டியை வாசலில் இருந்து உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.

"ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது?"

"பெட்டிக்குள்ள என்ன கண்ணு, கருங்கல்லா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன், கொஞ்சம் இடைவெளி விட்டு.

மூன்று நாளாக ஹாலில் சாய்வு நாற்காலியில்தான் படுக்கை. படுத்தால் தொண்டையை அடைக்கிறது. அதற்காக இல்லை, ஹாலில் காற்று நன்றாக வருகிறது.

அறுபத்து மூன்று. வேட்டிக்கு பெல்ட் தேவைப்படவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

கிடா விருந்து. போய்வந்து விவரமாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 5, சனி

போய்வந்து எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். மூக்குக் குழாயை நேற்றுத்தான் எடுத்தார்கள். நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன், மோகனா படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

முனியப்பன் கோயிலில் ஐம்பது அறுபது பேர். கார் நின்ற இடத்திலிருந்து கோயில் கூப்பிடு தூரம்தான். நான் நடுவில் இரண்டு தடவை நின்று, தெரிந்தவர்களோடு பேசுவதுபோல இளைப்பாறினேன். ஒரு தடவை நான் பேசியது தெரியாத ஆளோடு. வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் என் கன்னத்தைப் பார்த்துப் பூரித்தார்கள். கிடாவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோது செங்கோடன் மச்சான் வந்தார்.

"மாப்ள, சாமிக்கு நன்றி செலுத்தறோம். அந்த டாக்டரம்மாவுக்கு யாரு சொல்றது? அதுதான மொறை. ஒரு போன் போடுங்க."

நியாயமாகப் பட்டது. போட்டேன். ரெஜினா சிஸ்டர் எடுத்தார்.

"சங்ககிரி நாச்சிமுத்துங்க சிஸ்டர். நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டனுங்க. டாக்டரம்மாகிட்டயும் சொல்லிடுங்க. மாத்திரை நல்லா வேலை செய்யுது. அஞ்சு கிலோ ஏறிட்டனுங்க."

வாழ்த்து வரும் என்று பார்த்தேன், கேள்வி வந்தது.

"எத்தனை நாள்ல, அண்ணா?"

"இந்த ஒரு வாரத்துலதானுங்க."

"ஏன் விட்டு விட்டுப் பேசறீங்க?"

"இங்க கிடா விருந்துங்க, ஒரே சத்தம்."

"சத்தமிருந்தா கத்தித்தான பேசுவாங்க. நீங்க மூச்சுப் புடிச்சுப் பேசறீங்க. கணுக்கால் மேல ஒரு விரலை வெச்சு அமுக்கிட்டு எடுங்க."

அமுக்கி எடுத்தேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மாவில் அமுக்கினதுபோல. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது மேலே வருவதாக இல்லை.

"குழி விழுதுங்க" என்றேன்.

"போனை அக்காகிட்ட குடுங்க."

வசந்தாமணி கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிங்க" என்று மூன்று தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். "அண்ணா, காரை எடு. ஈரோடு போகோணும். அங்க ஆஸ்பத்திரில சிஸ்டர் சொல்லி வெக்கறாங்க."

"இப்பவா? கிடாவுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு வசந்தா. சாமி காரியத்துல பாதில எந்திரிச்சா குத்தமாயிரும். அரை மணி நேரம், தலையை எடுத்ததும் போயிரலாம்."

நானும் அசடு மாதிரி, "அரை மணி நேரந்தான, புள்ள" என்றேன்.

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் அண்ணனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை. "மூணு நாளா நாற்காலில ஒக்காந்து மூச்சுக்குப் போராடறீங்க. உள்ள நான் தூங்கறேன்னா நெனச்சீங்க? ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருதான்னு காதைக் குடுத்துட்டுக் கெடக்கறேன். நீங்க சிரிச்சுச் சிரிச்சுப் பேசறதுல நானும் ஏமாந்துட்டேன். இனி ஏமாற மாட்டேன். எந்திரிங்க."

எழுந்தேன். இரண்டு எட்டுக்கு மேல் நடக்க மூச்சு இல்லை. குத்தம் பேசிய அதே செங்கோடன் மச்சான்தான் என்னைக் குழந்தை மாதிரி தூக்கிக் காருக்குக் கொண்டுபோனார். பவானி தாண்டும்வரை அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஈரோட்டில் ஆக்சிஜன் வைத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். கோயம்புத்தூரோடு போனில் பேசி ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு, ஆம்புலன்சில் இங்கே அனுப்பினார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் எனக்கு அவ்வளவாக நினைவில் இல்லை. கண் திறந்தபோதெல்லாம் வசந்தாமணி என் வாயைப் பார்க்காமல் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். "வளராம நின்ன அணுக்களை மாத்திரை வளர வெக்குது. சிலருக்கு அதெல்லாம் ஒரே நேரத்துல வளர்ந்து கிளம்பறப்ப உடம்பு தாங்காது. நுரையீரல்ல, கால்ல நீர் கோத்துக்கும். சீக்கிரம் பார்த்துட்டா ஊசியிலயே அடங்கிடும். மாத்திரையும் தொடரலாம். நாள் கடத்தினா உசுருக்கே ஆபத்து."

"திங்கக்கிழமை வர்றதாத்தானுங்க இருந்துச்சு."

"ஞாயித்துக்கிழமை ராத்திரியை நீங்க எப்படித் தாண்டியிருப்பீங்க?"

போர்வையை விலக்கிக் கணுக்காலை இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

அலமாரி மேல் கிடக்கும் இருமல் மாத்திரை பற்றியும் வசந்தாமணி கேட்டாள். இந்த மருந்தோடு அது சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. வசந்தாமணி என்னைப் பார்க்கக்கூட இல்லை. பார்த்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எங்கள் மேடைக்கு ஈர மணல் லாரி வரும். பின்பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டே நிற்கும். வாங்குகிறவன் என்னிடம் வந்து, "அண்ணா, இதுல மணல் எவ்வளவு, தண்ணி எவ்வளவு?" என்று சண்டை பிடிப்பான். எடையைப் பார்த்து ஏமாறாதே, கொட்டிக் காயவிட்டுப் பார் என்று இருபத்தாறு வருடமாக ஊருக்குப் பஞ்சாயத்து சொல்லியிருக்கிறேன். என் உடம்பில் ஐந்து கிலோ தண்ணீர் ஏறியதற்கு மாலை போட்டுக் கிடா வெட்டப் போனவனும் நானே.

ஏப்ரல் 7

ஐம்பத்தொன்பது. இறங்குகிறது. இரண்டு நாள் நிறுத்திய மாத்திரையை மறுபடி கொடுத்துவிட்டார்கள். ஸ்டீராய்டை மட்டும் படிப்படியாகக் குறைப்பார்களாம். சட்டென்று நிறுத்தினால் நீர் திரும்பக் கோத்துக்கொள்ளுமாம்.

ரெஜினா சிஸ்டர் வந்தார். இனி எது என்றாலும் அன்றைக்கே சொல்கிறேன் என்றேன். "நீங்க சொல்ல வேண்டாம், அண்ணா. அக்கா சொல்லுவாங்க" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீடு வந்து மூன்று நாள். ஐம்பத்தாறரை. பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே நெஞ்சில் கை வைக்கிறார்கள். "ஐயோ, போன மாசம் எப்படி இருந்தீங்க. இப்படி வத்திட்டீங்களே." ரொம்ப சந்தோஷங்க என்கிறேன். புத்தியும் சேர்ந்து வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

செங்கோடன் மச்சான் வந்தார். அன்றைக்கு விருந்து என்ன ஆயிற்று என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரே சொன்னார். "சனத்துக்குச் சோறு போட்டு அனுப்பிட்டாங்க. உங்களத் தூக்கறப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது மாப்ள. எடை ஏறினவரு அப்படிக் கனக்கவே இல்ல. எலும்பாத்தான் இருந்தீங்க." தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தார். "அரை மணி நேரம்னு சொன்னவன் நான்."

"போன் போடுன்னு சொன்னவரும் நீங்கதான மச்சான்" என்றேன்.

அவர் அதை யோசித்திருக்கவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி கேட்டார்.

மே 12, திங்கள்

போன வாரம் எடுத்த எலும்பு மஜ்ஜைச் சோதனையின் முடிவு இன்றைக்கு. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் வசந்தாமணியைப் பார்த்துத்தான் சொன்னார். "மஜ்ஜையில இப்ப கெட்ட அணு அடங்கியிருக்கு. நல்ல அணு நிறைய வந்திருக்கு. மாத்திரையும் சோதனையும் தொடரணும். ஆனா இது நல்ல சேதி."

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. வசந்தாமணி முந்திக்கொண்டாள்.

"அப்ப இவரு இனி எடை ஏறலாமுங்களா?"

"மெதுவா ஏறலாம்" என்றார் டாக்டரம்மா. "ஏறினா எனக்குச் சொல்லிட்டு ஏறணும்."

சேலம் பஸ்ஸில் ஏறி, சங்ககிரிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். முகக்கவசத்தோடு ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள். அவினாசி தாண்டும் முன்னே அவள் தலை என் தோளில் விழுந்துவிட்டது. ஜனவரியிலிருந்து இவள் முழுசாகத் தூங்கி நான் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. நன்றாக, ஆழமாக மூச்சு விட்டாள். அடுத்தது வருகிறதா என்று நானும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றும் வந்தது. பெருந்துறைக்குள் என் கை மரத்துப்போயிற்று. அசைக்கவில்லை.

"சங்ககிரி, சங்ககிரி" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. கிட்டே வந்து, "ஏனுங்க, நீங்க சங்ககிரிதான?" என்றார்.

"சேலத்துக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றேன், மெதுவாக.

"உங்க ஊரு வந்திருச்சுங்களே."

"ஊட்டுக்காரி தூங்கறா."

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்னால் இருந்தவர்களிடம் சத்தம் போடாமல் இறங்கச் சொன்னார். டிக்கெட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

சேலத்தில்தான் கண் விழித்தாள். "எந்த ஊருங்க இது?"

"சேலம்."

"இறங்கற ஊரு தெரியாத அளவுக்கா போயிட்டீங்க?"

திரும்பி வரும் கோயம்புத்தூர் பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தாள். மாத்திரை நேரம், அடுப்பு வேலை, மோகனாவுக்குப் போன், எல்லாம் தாமதமாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். மகுடஞ்சாவடி தாண்டியதும் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் மறுபடி தூங்கியிருந்தாள்.

இந்தத் தடவை எழுப்பினேன். இல்லாவிட்டால் கோயம்புத்தூருக்கே போயிருப்போம்.